முகத்துவாரம் வெட்டாத ஊர்

ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் பகுதிக்கு வெளியே நீளமான ஓர் அறை இருக்கிறது. நோயாளியோடு கூட வருகிறவர்கள் காத்திருக்கும் இடம் அது. ஒல்லாந்து என்று நாங்கள் சொல்லும் நெதர்லாந்தில் வாழும் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று தங்கள் தகப்பனின் நினைவாக அங்கே கதிரைகளும் மின்விசிறிகளும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. கதிரைகளோடு ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள். கறுப்புச் சட்டம் போட்ட படம். அதைக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

நான் படம் பார்க்கிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வீட்டில் சாமி படங்களையும் கலண்டரையும் தவிர வேறு படம் மாட்டியதில்லை. அந்தப் படத்தின் எதிரே போய் இருந்ததற்குக் காரணம், மற்றக் கதிரைகளில் இருந்தால் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். யாராவது "உங்கட ஆளுக்கு எப்ப இருந்து?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். சுவரைப் பார்த்து இருக்கிறவளிடம் யாரும் கேட்பதில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் வவுணதீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அவரை உள்ளே அனுப்பிவிட்டு, மத்தியானம் வரை நான் அந்த அறையில் இருப்பேன். தொடங்கிய புதிதில் பயம் இருந்தது. பிறகு பயமும் போய்விட்டது. பயம் போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. சோறு ஆக்கினேன், உடுப்புத் தோய்த்தேன், பஸ் ஏறினேன். "நீ நல்ல தைரியசாலி" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தைரியம் என்று ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது.

அவருக்குத் தண்ணீர் அளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு சின்னக் கோப்பை. குடித்தால் அது உடம்பிலேயே நின்றுவிடும், கால் வீங்கும், மூச்சு முட்டும். வாழ்நாள் முழுக்க வயல் வட்டையில் தண்ணீருக்குள் நின்று நெல் விளைவித்த மனிதர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவர் முன்னால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். குசினிக்குள் போய்ச் சத்தம் வராமல் குடிப்பேன்.

படம் ஒரு பட்டணத்தின் தண்ணீர்க்கரையைக் காட்டியது. முதலில் பழைய போட்டோ என்று நினைத்தேன், நிறம் எதுவும் இல்லாதபடியால். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் எல்லாம் பேனாக் கோடு என்று தெரிந்தது. ஒடுங்கிய உயரமான வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. முகடுகள் படிக்கட்டு வைத்ததுபோல் மேலே ஏறிக் கீழே இறங்கின. கரையில் கல் படிகள். கடைசிப் படியில் ஒரு பெண் குந்தியிருந்து துணி அலசுகிறாள். பக்கத்தில் பீப்பாய்கள் ஏற்றிய ஒரு தோணி. அதில் ஒருவன் குனிந்து எதையோ தேடுகிறான். தூரத்தில் ஒரு கல் பாலம், அதன்மேல் பெரிய தொப்பி போட்ட இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு நாய் யாரையும் கவனிக்காமல் போகிறது.

எங்களுக்கு ஒல்லாந்தர் என்றால் எங்கள் பட்டணத்தில் அவர்கள் கட்டிய கோட்டைதான். முன்பு கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் அதற்குள் இருந்தபோது காணிக் காரியமாக நான் அங்கே போய் வரிசையில் நின்றிருக்கிறேன். அத்தனை தடிப்பான மதில் கட்டியவர்களின் ஊரிலும் ஒருத்தி குந்தியிருந்து துணி அலசினாள் என்பதும், அதைப் படமாகக் கீற ஒருவன் இருந்தான் என்பதும் எனக்குப் புதிதாக இருந்தது.

என் கணவருக்குப் பக்கத்துக் கட்டில் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு காக்காவுக்கு. வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாவியில் மீன் பிடித்தவர். என் கணவரைவிட மூத்தவர், மெலிந்த ஆள், வாய் மட்டும் ஓயாது. உள்ளே கூப்பிடுமுன் இரண்டு பேரும் வெளி அறையில் இருப்பார்கள். என் கணவர் விவசாயி என்று தெரிந்த நாளிலிருந்து காக்கா அவரை வட்டவிதானையார் என்றே கூப்பிட்டார். வட்டவிதானை என்றால் ஒரு வட்டையின் வேலைகளைப் பார்க்க விவசாயிகள் தெரிவு செய்யும் ஆள். என் கணவர் அப்படி ஒரு பதவியிலும் இருந்ததில்லை.

"வட்டவிதானையார் வந்திட்டாரோ! வட்டையில தண்ணி எப்பிடி?"

"தண்ணிக்கு என்ன குறை? நெல்லு முழுகிக் கிடக்கு. நீங்க முகத்துவாரத்த வெட்ட விட்டாத்தானே வடியும்."

"நானா மறிச்சன்? உங்கட மண்வெட்டிய நான் ஒளிச்சா வெச்சிரிக்கன்?"

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் வருடம் தவறாமல் நடக்கும் சண்டை இது. வாவி கடலைச் சேரும் இடத்தை மணல் மூடிவிடும். மழைத் தண்ணீர் வாவியில் நிறைந்து வயலுக்குள் ஏறும். விவசாயிகள் மணலை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்கச் சொல்வார்கள். இப்போது வெட்டினால் இறாலெல்லாம் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்பார்கள் மீன்பிடிகாரர். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு.

ஒரு நாள் என் கணவர் எழுந்து போய் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"காக்கா, இஞ்ச வந்து பாருங்க. இந்த ஊரிலயும் உங்கட ஆக்கள் இரிக்காங்க போல. வெட்டாம வெச்சிரிக்கானுகள். தண்ணி படியில ஏறி நிக்கி."

காக்கா இடுப்பில் கட்டிய சரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"ஏறி நிக்கல்ல, இறங்கிப் போகுது. படிக்கு மேல கறுப்பா இரிக்கே, அது ஈரம். போன கிழம தண்ணி அங்க நிண்டிரிக்கி."

"ஈரம் இல்ல, நிழல்."

"நிழலா? வட்டவிதானையாரே, உங்களுக்கு நெல்லுத்தான் தெரியும். இப்ப வெட்டினா அந்த மனுசன்ட தோணி தரை தட்டும். பிறகு அத்தின பீப்பாவையும் ஆரு இறக்கிற? நீங்க இறக்குவீங்களா?"

"வெட்டாட்டி அந்த வீட்டுக்குள்ள தண்ணி போகும். அந்தப் பொம்புள உள்ளுக்க இருந்தே துணி அலசலாம்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருந்துத் தட்டோடு போன தாதியும் நின்று கேட்டா. நாங்கள் அவவை மிஸி என்று கூப்பிடுவோம்.

"ஐயாமாரே, அது ஒல்லாந்து. அங்க தண்ணிக்குக் கதவு போட்டிரிக்காங்களாம். வேணும் எண்டாத் திறப்பாங்க, வேணாம் எண்டாப் பூட்டுவாங்க."

காக்கா மிஸியின் பக்கம் திரும்பினார்.

"கதவா? அப்ப அதின்ட திறப்பு ஆருட கையில? வட்டவிதானையாருட கையிலயா, எங்கட ஆக்கள்ற கையிலயா?"

"அதச் சொல்லுங்க மிஸி முதல்ல" என்றார் என் கணவர்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. திங்களும் வியாழனும் இரண்டு பேரும் அந்தப் படத்தின் முன்னால் நின்று ஒல்லாந்து ஊரின் முகத்துவாரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று சண்டை பிடித்தார்கள். வீடுகளின் உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரத்தில் ஒரு கொளுக்கி தொங்கியது. அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்சாதி கத்தினால் புருசனைத் தூக்கி மாட்டி வைக்க என்றார் காக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "தங்கச்சிக்கு அப்பிடி ஒண்டு தேவைப்படாது. தங்கச்சி வாயே திறக்கிறல்ல" என்றார். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன்.

எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. தோணியைக் கட்டியிருந்த கயிறு தொய்ந்து கிடந்தது. தண்ணீர் இறங்கினால் தோணியும் இறங்கும், கயிறு இழுபடும். தொய்ந்து கிடந்தால் தண்ணீர் ஏறுகிறது என்றுதான் அர்த்தம். இதை நான் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்கள் உள்ளே போன பிறகு எனக்கும் படத்துக்கும் மத்தியானம் வரை நேரம் இருந்தது. சட்டத்தின் அடியில் ஒட்டியிருந்த துண்டில் பேனா, பழுப்பு மை என்பதை மட்டும் என் ஆங்கிலத்தால் வாசிக்க முடிந்தது. மற்றதெல்லாம் பார்த்து விளங்கிக்கொண்டது. ஒரு நாள் கன்டீனில் வாங்கிய பால் விடாத வெறுந்தேத்தண்ணி, பணிஸ் சுற்றிய கடதாசியில் சிந்திவிட்டது. காய்ந்த பிறகு பார்த்தால், நடுவில் வெளிறியும் ஓரத்தில் கறுத்தும் ஒரு கறை. படத்தில் இருந்த நிழலும் அதே மாதிரித்தான் இருந்தது. விரலைத் தேத்தண்ணியில் தோய்த்து இன்னொரு தரம் தடவினேன். இரண்டாம் தரம் தடவிய இடம் கூடக் கறுத்தது. அப்போதுதான் பிடிபட்டது. அந்த ஆள் பேனாவால் கோடு போட்டிருக்கிறான். பிறகு அதே மையில் தண்ணீர் கலந்து தூரிகையால் தடவியிருக்கிறான். தண்ணீர் கூடினால் தூரத்து வீடு, குறைந்தால் கிட்ட இருக்கும் வீடு. பாலத்துக்கு அடியில் தண்ணீரே கலக்காத மை. வேறு எந்த நிறமும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் கண்டேன். படத்தில் எங்கும் தண்ணீர் இருந்தது, ஆனால் அவன் தண்ணீரைக் கீறவே இல்லை. தோணிக்கு அடியில் இரண்டு மூன்று கோடு. அந்தப் பெண்ணின் கைக்குக் கீழே ஒரு வளையம். மற்றதெல்லாம் வெறுங்கடதாசி. சுற்றியுள்ளவற்றைக் கீறிவிட்டு அதைச் சும்மா விட்டிருக்கிறான். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தண்ணீராகத் தெரிகிறது.

இதை மட்டும் நான் என் கணவரிடம் பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன். அவர் அடுத்த முறை காக்காவிடம் சொன்னார். காக்கா படத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஓம், சரிதான். கீறின ஆளுக்கும் எங்களப் போலத் தண்ணி அளவு போல. பாவம், அதுதான் மிச்சம் பிடிச்சிரிக்கான்."

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிறுநீரக வருத்தம் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

அந்த வருட மழை கடுமையாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காக்கா வரவில்லை. பாதையில் வெள்ளம், அதனால் வராமல் இருந்திருப்பார் என்று நினைத்தோம். வியாழக்கிழமை என் கணவர் உள்ளே போனபோது பக்கத்துக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். மிஸியிடம் கேட்டிருக்கிறார்.

"காக்கா மௌத்தாகிட்டார் ஐயா. ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்கே அடக்கமும் முடிஞ்சிது."

அன்று முடிந்து வெளியே வந்தவர் படத்தின் பக்கம் திரும்பவில்லை. பஸ் வலையிறவுப் பாலத்தில் ஏறியபோது, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனி நான் வரல்ல."

நான் டிக்கட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"கேட்டதா?"

"ஓம்."

"ஊசியும் மிசினும் போதும். சாகிற நேரம் எண்டாலும் வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டுச் சாவம்."

நிறுத்தினால் என்ன நடக்கும் என்று டொக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அழ வேண்டும், கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். அப்படித்தான் மற்றவர்கள் செய்வார்கள். எனக்கு உள்ளே தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் வாவி நிறைந்து மண்ணிறமாக இருந்தது. பஸ் இறங்கும் இடம் வந்தது, இறங்கினோம்.

பழுகாமத்தில் கட்டிக் கொடுத்த மகளுக்குச் சொன்னேன். அவள் தொலைபேசியில் அழுதாள். அவரிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி மகள், பிள்ளைகளப் பாருங்க" என்று சொல்லித் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அன்று ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். நான் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் வீங்கிவிட்டது. செருப்புக்குள் கால் போகவில்லை.

திங்கட்கிழமை விடிய எழுந்து வழக்கம்போல் சோறு ஆக்கினேன். சேலை உடுத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "பஸ் வரப்போகுது" என்றேன். அசையவில்லை. நான் மட்டும் போய் ஏறினேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. திங்கட்கிழமை என்றால் போகிற நாள், அவ்வளவுதான்.

மிஸி என்னைக் கண்டதும் பின்னால் பார்த்தா.

"ஐயா எங்கம்மா?"

"வரல்ல."

"ஏலாமக் கிடக்காரா?"

"இனி வரமாட்டன் எண்டிட்டார்."

மிஸி கையில் இருந்ததை வைத்துவிட்டு எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா.

"அம்மா, நான் ஒளிக்காமச் சொல்லுறன். கட்டிலுக்கு எத்தின பேர் காத்துக்கிட்டு நிக்காங்க எண்டு உங்களுக்குத் தெரியும். அவர் விட்டிட்டார் எண்டா நான் அத வேற ஆளுக்குக் குடுக்கணும். நீங்க சொல்லுங்க. விட்டிட்டாரா?"

வாசலில் ஒரு பெண் புருசனைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாள். என்னைவிட வயது குறைந்தவள். நாங்கள் கதைப்பது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருந்திட்டுச் சொல்லுறன் மிஸி."

படத்தின் எதிரே இருந்தேன். இதுவரை அதைப் பார்த்தபோதெல்லாம் ஒரு காது உள்ளே அவர் பெயர் கேட்கிறதா என்று காத்திருக்கும். அன்று கேட்க ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதற்கு முன் காணாத ஓர் ஆளைக் கண்டேன். பாலத்துக்கு அப்பால், கரை வளைந்து மறையும் இடத்தில், முதுகைக் காட்டி ஒருவர் நடந்து போகிறார். முகம் இல்லை. முதுகுக்கு ஒரு வளைந்த கோடு, கால்களுக்கு இரண்டு. மிச்சம் ஒரு தரம் தடவிய வெளிறிய மை. இன்னும் ஒரு துளி தண்ணீர் கூடியிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டார். ஆனால் அவர் கிழவர் என்றும், களைத்திருக்கிறார் என்றும், வீட்டுக்குப் போகிறார் என்றும் தெரிந்தது. அத்தனை கொஞ்ச மையில் அதை எப்படிச் செய்தான்? வீட்டையும் தோணியையும் பார்த்துப் பார்த்துக் கீறியவன் இந்த மனிதரையும் விடவில்லை. வேண்டாம் என்று விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பட்டணம் பட்டணமாகத்தான் இருந்திருக்கும்.

அழகு என்று நினைத்தேன். அந்த வார்த்தை மனதுக்குள் வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பல மாதங்களாக எதையும் நான் அப்படி நினைக்கவில்லை. அதோடு அந்த நினைப்பும் நின்றுவிட்டது. கண்ணீர் எதுவும் வரவில்லை.

எழுந்து மிஸியிடம் போனேன். வாசலில் நின்றவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

"விடல்ல மிஸி" என்றேன். என் சத்தம் எனக்கே கூடுதலாகக் கேட்டது. "இண்டைக்கு மட்டும்தான் வரல்ல. அடுத்த முறை வருவார்."

மிஸி என்னைப் பார்த்தா.

"அவர் சொன்னாரா?"

"நான் சொல்லுறன்."

"வியாழன் வரைக்கும் வெச்சிருக்க ஏலா அம்மா, அவருக்குத் தண்ணி ஏறிடும். நாளைக்குக் காலம ஓர் இடம் எடுத்துத் தாறன். நேரத்தோட கூட்டி வாங்க. வராட்டி பிறகு என்னக் கேக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்தபோது அவர் முற்றத்தில் கதிரை போட்டு, வீங்கிய காலை இன்னொரு கதிரையில் தூக்கி வைத்திருந்தார். மூச்சு இரைந்தது.

"எங்க போனாய்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நான் இல்லாம என்னத்துக்கு?"

"சும்மா இருந்தன்." பிறகு சொன்னேன். "நாளைக்குக் காலம நீங்க வருவீங்க எண்டு மிஸிக்கிட்டச் சொல்லிட்டன்."

"ஆரக் கேட்டுச் சொன்னாய்?"

"ஆரையும் கேக்கல்ல."

அவருக்குக் கோபம் வந்தது. கத்த மூச்சுப் போதவில்லை. "நான் வரமாட்டன் எண்டா என்ன செய்வாய்? தூக்கிட்டுப் போவியா?"

"நான் போவன். போய் இருப்பன். இண்டைக்கு இருந்தாப்போல."

"விசரி."

"ஓம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவருக்கு எதிராக ஒன்றும் சொன்னதில்லை. இதுவும் எதிராகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னேன். அவருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். அவர் வீங்கிய காலைக் கதிரையில் சரிசெய்து வைத்தார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் சேலை உடுத்தி வெளியே வந்தபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசல் படலைக்குப் பக்கத்தில் நின்றார். காலில் செருப்பு இல்லை. பஸ்ஸில் அவரை யன்னல் பக்கம் இருத்தினேன். ஆஸ்பத்திரியில் மிஸி அவருடைய உடம்பு நிறை பார்த்துவிட்டு ஏசினா. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் ஏறிக் கையை நீட்டினார். கதவு மூடியது. வாசலில் நின்ற அந்தப் பெண் அன்று இல்லை. அவளுக்கு இடம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் துணிவு இல்லை.

இப்போதும் போய் வருகிறோம். சில நாட்களில் அவர் உள்ளே போகுமுன் படத்தின் முன்னால் தனியே நிற்பார். என்ன பார்க்கிறார் என்று தெரியாது. அவர் தனக்காக வருகிறாரா, எனக்காக வருகிறாரா என்றும் தெரியாது. கேட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவார். அதனால் கேட்பதில்லை.